அப்பா கேட்ட பூவன் பழம்

எங்கள் பக்கத்தில் யாரையாவது ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனால் கையில் ஆப்பிள் இருக்க வேண்டும். கூட ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் வாழை, நோயாளிக்கு ஆப்பிள் என்று எப்படியோ பழகிவிட்டோம். இது அசட்டுப் பழக்கம் என்பது என் அபிப்பிராயம். அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்றால், இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் காவிரிப் படுகையில் அப்பாவுக்கு மூன்று மா வாழை இருந்தது. (மூன்று மா ஒரு ஏக்கர், பேரப்பிள்ளைகள் படித்தால் தெரியட்டுமே.) நெல் வீட்டுச் சாப்பாட்டுக்கு, வாழை என் படிப்புக்கு என்று கணக்கு. பெரும்பாலும் பூவன். ஓரத்தில் கறிக்குக் கொஞ்சம் மொந்தன். வீட்டுக்கென்று பத்துப் பதினைந்து ரஸ்தாளி. ரஸ்தாளிக்கு வாடல் நோய் சீக்கிரம் வரும் என்பதால் அதைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வார். தார்களை அடுக்கி மூட்டம் போடும் நாளில் வைக்கோல் புகை வாசனை தெருவரை வரும்.

1977 நவம்பர் புயல் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். விடிந்து போய்ப் பார்த்தால் தார் தள்ளிய மரம் ஒன்றுகூட நிற்கவில்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மாவின் வளையலை அடகு வைத்து என் விடுதிப் பணத்தைக் கட்டிவிட்டு, மறுபடி கன்று தேடப் போனார்.

அந்த வாழையில் படித்து வேலைக்குப் போனவன்தான் நான்.

2004-ல் அப்பாவைத் தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். கட்டில் பக்கத்து ஸ்டூலில், ஸ்டிக்கர் ஒட்டிய ஆப்பிள் ஆறு வாங்கி எல்லார் கண்ணிலும் படும்படி வைத்திருந்தேன். அப்பாவுக்கு அப்போது பல்லே கிடையாது. அது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

"தம்பி, வாய் கசக்குது. பூவன் ஒண்ணு கிடைக்குமா?" என்றார்.

"டாக்டர் வாழைப்பழம் கூடாதுன்னுட்டார்ப்பா" என்றேன்.

டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. பழக்கடை ஆஸ்பத்திரி வாசலிலேயே இருந்தது. அன்று சாயங்காலம் என் மேலதிகாரி பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் வரும்போது கட்டிலருகே பூவன் சீப்பு இருப்பது எனக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது. அவ்வளவுதான் காரணம். வேறு சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை.

ஆப்பிள் மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 100 கிராம் வாழைப்பழத்தில் சுமார் 350 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. ஆப்பிளில் சுமார் 100. பி6 வைட்டமினும் வாழையில்தான் பல மடங்கு. தோலை உரித்தால் போதும், கழுவ வேண்டாம், பல் வேண்டாம். காய்ச்சல்காரன் தொண்டையிலும் வழுக்கிக்கொண்டு இறங்கும். திருச்சியில் 1993 முதல் வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நாமோ ஆப்பிளைத் தேடி ஓடுகிறோம். என் பேத்திக்கு, கடையில் தொங்கும் நீளமான மஞ்சள் பழம் ஒன்றுதான் வாழைப்பழம். பேயன், பச்சநாடன் என்றால் சிரிக்கிறாள்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். மாவுச்சத்தும் சர்க்கரையும் வாழையில்தான் அதிகம். எனக்கும் சர்க்கரை உண்டு, அதனால் நாளைக்கு ஒரு சின்னப் பழத்தோடு சரி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்தப் பொட்டாசியமே ஆபத்தாகலாம். அவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

அப்பா அந்த முறை பிழைத்து வீட்டுக்கு வந்தார். அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்தார். என்னிடம் வாழைப்பழம் கேட்கவே இல்லை. விட்டுப்போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். காரியமெல்லாம் முடிந்த பிறகு தங்கை சொன்னாள். அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பூவன் சாப்பிடுவாராம். "அண்ணன்கிட்ட சொல்லிடாதே, டாக்டர் கூடாதுன்னிருக்காராம், அவன் கவலைப்படுவான்" என்பாராம்.

போன வாரம் கூட வேலை பார்த்த நண்பரை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். வாழைப்பழம் சாப்பிடலாமா என்று முன்கூட்டியே போனில் கேட்டுக்கொண்டு, நல்ல பூவனாக ஒரு சீப்பு வாங்கிப் போனேன். நண்பர் முகம் மலர்ந்தது. அவர் மகன் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கி, கட்டிலுக்கு அடியில் வைத்தான்.