கரி அடுப்பில் பிறந்த கம்பெனி

கேமரன் மலைக்குப் போகிறவர்கள் போ தேயிலைத் தொழிற்சாலையை எட்டிப் பார்க்காமல் திரும்புவது குறைவு. கொழுந்தை வாட்ட, உருட்ட, உலர்த்த என்று உள்ளே ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இயந்திரம். "இதையெல்லாம் யார் கண்டுபிடித்தது?" என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

பல பேருடைய உழைப்பு அது. அவர்களில் ஒருவர் சாமுவேல் டேவிட்சன். அயர்லாந்துக்காரர். 1864-இல், 17 வயதில், வடகிழக்கு இந்தியாவின் கச்சார் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தார். அந்தக் காலத்தில் கொழுந்தைக் கையால் உருட்டி, கரி அடுப்பின்மேல் தட்டுகளில் பரப்பிக் காய வைப்பார்கள். கொஞ்சம் அசந்தால் ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் ஈரம் நிற்கும், புகை வாடையும் ஏறிவிடும். பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு ஒன்று புரிந்தது: தேயிலைக்கு வேண்டியது நெருப்பல்ல, சூடான காற்று.

ஊர் திரும்பியவர், 1881-இல் பெல்பாஸ்ட் நகரில் சொந்தப் பட்டறை தொடங்கினார். தம் இயந்திரத்துக்குப் பாலைவன வெப்பக் காற்றின் பெயரையே வைத்தார்: 'சிராக்கோ'. காற்றைத் தள்ள விசிறி தேவைப்பட்டது. அந்த விசிறியே பிறகு தனித் தொழிலாகி, சுரங்கங்களுக்கும் கப்பல்களுக்கும் போனது. தேயிலையில் தொடங்கிய குடும்பக் கம்பெனி உலகப் பெயர் வாங்கியது.

ஆனால் 1916 ஜூலை 1-இல், சோம் போர்க்களத்தில் மகன் ஜேம்ஸ் உயிரிழந்தார். 1921-இல் தந்தையும் மறைந்தார். கம்பெனி பல காலம் நடந்து, கடைசியில் கைமாறியது. அந்த ஆலை இன்று இல்லை. ஆனால் கறுப்புத் தேயிலையைச் சூடான காற்றில் உலர்த்தும் முறை நம் கேமரன் மலை வரைக்கும் நிலைத்துவிட்டது.

இங்கே போ தோட்டத்தை 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கினார். பின்னாளில் அதை நடத்தும் பொறுப்புக்கு அவருடைய பேத்தி வந்தார். முதலாளி குடும்பங்களின் வரலாறு பதிவாகியிருக்கிறது. அதே மலையில் செடி நட்டு, கொழுந்து பறித்து, இயந்திரத்தோடு நின்ற நம் தமிழ்க் குடும்பங்களின் வரலாறு?

டேவிட்சனின் மூலதனம் பணம் மட்டுமல்ல, அடுப்படியில் நின்று கற்ற அனுபவமும்தான். அந்த மாதிரி அனுபவம் நம் தாத்தா பாட்டிகளிடமும் உண்டு. கொழுந்து வாடியதைக் கை எப்படிக் கண்டுகொள்ளும், காய்ந்த தேயிலையின் வாசம் எப்படி மாறும் என்று அவர்களிடம் கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். இயந்திரத்துக்குக் காப்புரிமை உண்டு. அவர்கள் அறிவுக்கு நாம்தான் காப்பு.