சேவைக் கழகங்களின் வசூலும் கணக்கும்

மூங்கில்துறைப்பட்டுக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் வாயிலில், அரைவைப் பருவத்தில் கரும்பு வண்டிகள் நீண்ட வரிசையாக நிற்பதை நேயர்களில் பலர் கண்டிருப்பர். எடைமேடைக்குத் தம் முறை வரும்வரை காத்திருக்கும் உழவர்களிடையே, சென்ற பருவத்தில் ஒரு நாள், ரசீதுப் புத்தகமும் அனுமதிச் சீட்டுகளும் ஏந்திய இருவர் வண்டி வண்டியாக ஏறி இறங்கிக் கொண்டிருந்தனர். அண்டை நகரத்துச் சேவைக் கழகமொன்று ஏழைகளின் கண் சிகிச்சைக்கென ஓர் இன்னிசை நிகழ்ச்சி நடத்துவதாகவும், சீட்டு ஒன்று 200 ரூபாய் என்றும் கூறினர். என் அருகில் நின்றிருந்த முதியவர் ஒருவர் இரண்டு சீட்டுகள் வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நிகழ்ச்சிக்குப் போவீர்களா, பெரியவரே?" என்று கேட்டேன்.

"எங்கே சார் போவது? அன்றைக்கு வெட்டாட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். கண்ணுக்கு என்றார்கள், கொடுத்தேன். போன வருஷமும் கொடுத்தேன். அது என்ன ஆயிற்று என்று இதுவரை யாரும் வந்து சொல்லவில்லை" என்றார்.

அவர் குறை கூறும் குரலில் பேசவில்லை. ஆயினும், சங்கங்களின் பேரேடுகளைப் புரட்டுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அச்சொல் தைத்தது. ஊர்ப் பணத்தை வாங்கியவர் ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதைத்தான் அப்பெரியவர் தம் வழியில் கூறினார். நம் கூட்டுறவு இயக்கம் எதன்மீது நிற்கிறதோ அதுவும் அதுவேயன்றி வேறில்லை.

சில வாரங்கள் சென்றபின், வேறொரு சேவைக் கழகத்தின் கூட்டத்தில் கூட்டுறவைப் பற்றிப் பேச எனக்கு அழைப்பு வந்தது. அரிசி ஆலை அதிபர், மருத்துவர், பம்புசெட்டு வியாபாரி, வழக்கறிஞர், நகைக்கடைக்காரர், தலைமையாசிரியர் எனத் தொழிலுக்கு ஒருவராக ஏறத்தாழ முப்பது பேர் கூடியிருந்தனர். ஏழு மணிக்குக் கூட்டம் என்றால் ஏழு மணிக்கே தலைவர் மணியடித்தார். முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு படிக்கப்பெற்றது, வருகை குறிக்கப்பெற்றது. கோரம் இன்றி அரைமணி ஒத்திவைத்து, காரியதரிசி சைக்கிள் ஏறிப்போய் நாலு அங்கத்தினரை அழைத்து வந்து நடத்தப்படும் நம் மகாசபைகள் பலவற்றைக் கண்டவன் ஆதலால், எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருந்தது. ரோட்டரிக் கழகங்களில், தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்கு வாராதவர் அங்கத்தினர் பதவியை இழப்பார் என்ற விதி நெடுங்காலம் கண்டிப்பாக நடைமுறையில் இருந்தது. வெளியூர் சென்றவர் அவ்வூர்க் கழகத்தின் கூட்டத்தில் அமர்ந்து வந்து, அந்த வருகையை ஈடு செய்துகொள்ளலாம். நம் நிர்வாகக் குழுக்களில் இவ்விதியைக் கொணர்ந்தால் எத்தனை நாற்காலிகள் காலியாகும் என்று எண்ணிப் பார்த்தேன், சொல்லத் துணியவில்லை.

பின்னர், சென்ற ஆண்டு தாம் நடத்திய உதவி நிதி நிகழ்ச்சி "மிகச் சிறப்பாக நடந்தேறியது" என்று காரியதரிசி அறிக்கை படித்தார். கரவொலி எழுந்தது. அறிக்கையில் ஓர் எண்கூட இல்லை. கூட்டம் முடிந்தபின் பொருளாளரைத் தனியே அணுகி வினவினேன். அவர் நேர்மையான மனிதர், மறைக்கவில்லை. பில்கள் அனைத்தும் இருக்கின்றன, ஆனால் அங்கத்தினர் சந்தா, விருந்துச் செலவு, வந்தவர்களுக்குப் போர்த்திய பொன்னாடை, சீட்டு விற்ற பணம், தையல் இயந்திரம் வழங்கிய செலவு எல்லாம் ஒரே வங்கிக் கணக்கில்தான் ஓடுகின்றன என்றார். (அன்று எனக்குப் போர்த்திய பொன்னாடை விசைத்தறியில் ஓடிய செயற்கை இழை. அது கைத்தறியாக இருந்திருந்தால் நம் நெசவாளர் ஒருவருக்கு ஒரு நாள் கூலியேனும் கிட்டியிருக்கும் என்பதை அவர்களிடம் சொல்லிவிட்டே வந்தேன்.)

யாரும் ஒரு காசு எடுத்ததாக நான் கருதவில்லை. ஆனால் தணிக்கையில் நான் கண்ட கையாடல்களுள் பெரும்பாலானவை திருட்டாகத் தொடங்கியவை அல்ல. இரு பணங்கள் ஒரு பெட்டியில் கலந்ததில் தொடங்கியவை. சந்தா குறைந்த மாதத்தில் தர்மப் பணம் விருந்துக்குப் போகும். அடுத்த மாதம் ஈடு செய்துவிடலாம் என்ற எண்ணம் இருக்கும். அடுத்த மாதம் பொருளாளர் மாறியிருப்பார்.

இக்கழகங்களின் வரலாற்றை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்கும். ஏனெனில் இதற்கான விதியை அவர்களே வகுத்து வைத்திருக்கின்றனர். 1905 பிப்ரவரி 23ஆம் நாள், சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞரும் அவர்தம் நண்பர் மூவரும் கூடியதே ரோட்டரியின் தொடக்கம். ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறைவைத்துச் சுழன்று கூடியதால் அப்பெயர் வந்தது. தொடக்கத்தில் அது தர்ம சபையன்று. ஒருவருக்கொருவர் வியாபாரம் தேடித் தருவதே நோக்கம். யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் கிடைத்தது என்று குறித்து வைக்கவே ஒருவரை அமர்த்தியிருந்தனர். ஈராண்டு சென்றபின்னரே நகரத்தில் பொதுக் கழிப்பிடம் கட்டுவிக்க முயன்று பொதுப்பணியில் இறங்கினர். தன்னலத்தில் தொடங்கியதை நான் இழிவாகக் கூறவில்லை. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கடை திறந்த 28 பேரும், அவர்களுள் நெசவாளர் பலர், கலப்படமற்ற மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் தமக்கு வேண்டுமென்றே கூடினர். ஆனால் அவர்கள் மூன்று மாதத்திற்கு ஒருமுறை அங்கத்தினர் முன் கணக்கை வைத்தனர். அதனாலேதான் இன்றும் அவர்கள் பெயரைச் சொல்கிறோம்.

அரிமா சங்கங்கள் மெல்வின் ஜோன்ஸ் என்பவர் முயற்சியால் 1917இல் தோன்றியவை. 1925இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் நடந்த அவர்களது மகாநாட்டில், பார்வையும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர் அம்மையார் பேசி, பார்வையற்றோர்க்காகப் போராடும் வீரர்களாகும்படி அவர்களை வேண்டினார். கண் சிகிச்சை அவர்களது தனிப்பணியானது அன்று முதலே. இவ்வரிமா சங்கங்களின் விதி தெளிவானது: நிர்வாகக் கணக்கு வேறு, சேவைக் கணக்கு வேறு. அங்கத்தினர் சந்தாவைக் கொண்டே விருந்தும் தபாலும் வாடகையும் நடத்த வேண்டும். பொதுமக்களிடம் திரட்டியது பொதுமக்களுக்கே திரும்ப வேண்டும். நம் கூட்டுறவுத் துறையே எழுதியிருந்தாலும் இதைவிட நன்றாக எழுதியிருக்க முடியாது. விதி உலகத் தலைமையகத்தில் இருக்கிறது; நம் ஊர்க் கழகத்தின் பேரேட்டில் இல்லை என்பதே குறை.

ரோட்டரியின் அறநிதிக்கு முதன்முதலாக வந்த நன்கொடை, 1918இல் கான்சாஸ் நகரக் கழகம் அனுப்பிய 26 டாலர் 50 சென்ட். நூறாண்டு கடந்தும் அந்த ஐம்பது சென்ட் ஏட்டில் நிற்கிறது! 1985இல் இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்க 12 கோடி டாலர் திரட்டுவதாக அறிவித்தவர்கள், 1988இல் அதற்கு இருமடங்குக்கும் மேலாக, 24 கோடியே 70 லட்சம் டாலர் திரண்டதாக உலகறியக் கணக்குக் கூறினர். அரசும் சுகாதாரப் பணியாளரும் வீடு வீடாகச் சொட்டு மருந்து கொண்டுசென்ற உழைப்போடு அப்பணமும் சேர்ந்தது. 2011 ஜனவரியில் ஹௌராவில் கண்ட ஒரு சிறுமியே நம் நாட்டின் கடைசி நோயாளி. 2014 மார்ச்சு 27ஆம் நாள் இந்தியா அந்நோயற்ற நாடெனச் சான்று பெற்றது. இத்தகைய பெருமையுடைய கழகத்தார் 200 ரூபாய்ச் சீட்டுக்குக் கணக்குச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இனிக் கண் சிகிச்சைக்கு வருவோம். கண்ணைப் பற்றிய கவலை நமக்கு மற்றவரினும் அதிகம். அறுந்த இழையைத் தேடி முடிச்சிட இயலாத நெசவாளிக்குத் தறி இருந்தும் பயனில்லை. கரும்புத் தோட்டத்தில் சோகை உரிக்கும்போது அதன் கூரிய விளிம்பு கருவிழியைக் கீறிவிடுவதுண்டு. உடனே மருத்துவரிடம் செல்லாமல் இலைச்சாறும் பிறவும் ஊற்றிப் புண்ணாக்கிப் பார்வையை இழந்தோர் நம்மிடையே உண்டு. 1976இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, முகாம்களை நடத்தும் முறையொன்றை வகுத்தது. ஊர்க் கழகமோ பிற அமைப்போ இடமும் விளம்பரமும் தொண்டர்களும் தரும். மருத்துவமனை கண்ணைச் சோதித்து, புரை உள்ளோரைத் தன் பேருந்தில் அழைத்துச்சென்று, அறுவை செய்து, உணவளித்துத் திரும்பக் கொணர்ந்து விடும். புதுச்சேரியில் 2003 முதல் அதன் கிளை உள்ளது. அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டமும் அதே 1976இல் தொடங்கியதே. தொண்டு நிறுவனங்கள் செய்யும் அறுவைகளுக்கு அதிலிருந்து மானியமும் உண்டு.

ஆகவே, முகாம் நடத்தும் ஊர்க் கழகத்திற்குத் தேவைப்படும் ரொக்கம் மலையளவினது அன்று. தேவைப்படுவது ஆள். மேலூரிலிருக்கும் பார்வை மங்கிய மூதாட்டியிடம் முகாம் நாளைச் சொல்லி, அஞ்சாதே அம்மா என்று தேற்றி, கைப்பிடித்து அழைத்து வருவோரே தேவை. கல்வராயன் மலையின் குக்கிராமங்களுக்கு ஒலிபெருக்கி வைத்த ஆட்டோ போய்ச் சேராது. இந்த இடத்தில்தான் கூட்டுறவுச் சங்கம் பயன்பட முடியும். நெசவாளர் சங்கத்தில் நூல் வழங்கும் நாளில் அங்கத்தினர் அனைவரும் வருகின்றனர். கரும்புக் கோட்ட அலுவலகத்தின் களப் பணியாளர் எந்த வயல் எவருடையது என்று அறிவர். அவ்வீட்டில் கண் தெரியாதவர் யார் என்பதையும் அறிவர். வெட்டு உத்தரவு வந்த வாரத்தில் முகாம் வைத்தால் ஒரு குடும்பமும் வாராது என்பதை, நகரத்தில் அமர்ந்து தேதி குறிப்பவருக்கு யார் சொல்வது?

நாம் சொல்ல வேண்டும். ஆனால் நம்மை அவர்கள் கேட்பதில்லை; நாமும் போய்ச் சொல்வதில்லை. அழைப்பின் பேரிலேயே சேர முடிகிற அக்கழகங்களில் உழவரும் நெசவாளரும் அரியர். மேடையில் தையல் இயந்திரம் பெற்றுக்கொள்ளும்போதுதான் நம்மவர் முகம் தெரிகிறது. பெண்களைக்கூட அவர்கள் 1987இல்தான் சேர்க்கத் தொடங்கினர். ரோட்டரியில் அதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பே வேண்டியிருந்தது. அக்கதவு திறந்ததுபோல இதுவும் திறக்கலாம். நம் சங்கத் தலைவரோ அங்கத்தினரோ ஒருவர் அங்கே அமர்ந்தால் சீட்டு விற்பனையின் கணக்கைக் கேட்கும் வாயும் ஒன்று இருக்கும்.

நம் பக்கக் குறையையும் மறைக்கலாகாது. இலாபப் பங்கீட்டில் பொது நன்மைக்கென ஒதுக்கிய தொகையிலிருந்து இத்தகைய கழகங்களுக்கு நன்கொடை அளித்த சங்கங்களை நான் பார்வையிட்டிருக்கிறேன். தீர்மானம் இருக்கும், ரசீது கோத்திருக்கும். அப்பணம் எதற்குச் செலவாயிற்று என்று கேட்டு ஒரு கடிதமேனும் எழுதப்பட்டிருக்காது. ரசீதுப் புத்தகத்தோடு வந்தவர் பெரிய மனிதர் என்ற ஒரே காரணத்தால் அங்கத்தினர் பணத்தைக் கொடுத்துவிட்டு, தணிக்கையில் ஆட்சேபணை வந்தால் வருந்துவது முறையன்று. நன்கொடைத் தீர்மானத்திலேயே, மூன்று மாதத்திற்குள் செலவுக் கணக்கு வர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் யார் தடுப்பார்?

"இலவசமாக உழைக்கிறோம், எங்களிடம் கணக்குக் கேட்பதா?" என்று சிலர் முகம் சுளிக்கின்றனர். அவர்கள் உழைப்புக்கு நான் கணக்குக் கேட்கவில்லை. அது அவர்களுடையது; அதைப் போற்றுகிறேன். பிறர் தந்த பணத்துக்கு மட்டுமே கேட்கிறேன். பதிவு பெற்ற சங்கமாயின், ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கைப் பதிவாளருக்கு அனுப்பும் கடமையும் சட்டப்படி இருக்கிறது. பதிவாளருக்கு அனுப்புவதை ஆலை வாயிலிலும் ஒட்டினால் போதும்.

அன்று சந்தித்த பொருளாளருக்கு, நம் சங்கங்கள் பயன்படுத்தும் வரவு செலவு அறிக்கைப் படிவத்தை ஒரு பக்கத்திற்குச் சுருக்கி அனுப்பினேன். விற்ற சீட்டு எத்தனை, மண்டப வாடகை எவ்வளவு, பாடகருக்கு எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு, அது எத்தனை பேர் கண்ணுக்குச் சென்றது என ஐந்தே வரிகள். சேவைக் கணக்கைத் தனியே தொடங்கத் தம் குழுவில் பேசுவதாக எழுதினார். அவருடைய பதவியாண்டு ஜூன் 30இல் முடிந்துவிடும். ஜூலை முதல் நாள் வேறொருவர் அப்புத்தகங்களைப் பெற்றுக்கொள்வார். அவருக்கும் அதே படிவத்தை அனுப்ப ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.