கடைக்குப் பெயர் வைத்தாயிற்று, பதிந்தாயிற்றா?

அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியில் இறங்கும்போது முன்னர் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வந்து ஸலாம் சொன்னார். முகத்தில் ஈயாடவில்லை. "ஹஸ்ரத், கடை கைவிட்டுப் போய்விடும் போலிருக்கிறது" என்றார்.

விடயம் இதுதான். அவரும் அவரது ராத்தாவின் கணவரும் சேர்ந்து ஹார்ட்வெயார் கடையொன்று ஆரம்பித்தார்கள். முதல் பாதிக்குப் பாதி. இவர் கட்டாரில் இருந்து பணம் அனுப்பினார், மச்சான் கடையில் நின்றார். பலகையில் இவருடைய மகளின் பெயர். ஆனால் பதிவு மச்சானின் பெயரில் மட்டும். "நான் ஊரில் இல்லைதானே, நம்பிக்கைதானே" என்று விட்டுவிட்டார்களாம். மச்சான் சென்ற நோன்புக்கு முன் மௌத்தாகிவிட்டார். அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள், ஆண்பிள்ளை இல்லை. பெற்றோரும் இல்லை.

ஃபராயிழ் ஓதியவர்களுக்கு அடுத்தது என்னவென்று விளங்கும். மனைவிக்கு எட்டிலொன்று, பெண்மக்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு, மிச்சம் மச்சானின் சகோதரர்களுக்கு. இலங்கையிலும் 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரபுரிமைச் சட்டப்படி இதுவே நடக்கும். சகோதரர்கள் வந்து, "கடை எங்கள் நானாவுடையது, பத்திரத்தைப் பாருங்கள்" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பத்திரத்தில் இருப்பதைத்தான் சொல்கிறார்கள். மையித்தின் சொத்தைப் பங்கிடுமுன் கடனையும் பிறர் பொருளையும் பிரித்தெடுக்க வேண்டும் என்பது மார்க்கம். எது பிறர் பொருள் என்று எதைக் கொண்டு காட்டுவது? அங்கேதான் சிக்கல்.

நம்மவர்கள் கடை திறப்பதென்றால் மௌலவியை அழைத்து ஃபாத்திஹா ஓதுவார்கள், நல்ல பெயரொன்று கேட்பார்கள். (இறைவனின் திருநாமத்தைப் பையில் அச்சடித்து, அந்தப் பை கானில் மிதப்பதைப் பார்க்கும்போது, பெயர் சொல்லிக் கொடுத்தவர்களையும் யோசிக்கச் சொல்லத் தோன்றுகிறது.) ஆனால் பிரதேச செயலகத்தின் பக்கம் போக வருடக் கணக்காகும்.

வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டம் 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டம். ஒருவர் தம் சொந்தப் பெயரிலேயே, வேறெதுவும் சேர்க்காமல் வியாபாரம் செய்தால் பதியத் தேவையில்லை. "ஸ்டோர்ஸ்", "அன் சன்ஸ்" என்று ஒட்டினாலோ, பிள்ளையின் பெயரை வைத்தாலோ பதிய வேண்டும். தொடங்கிப் பதினான்கு நாட்களுக்குள் என்பது அச்சட்டத்தின் விதி. முகவரி மாறினால், பங்காளி சேர்ந்தால், விலகினால் அதையும் அறிவிக்க வேண்டும். சான்றிதழைப் பெட்டகத்தில் பூட்டி வைக்காமல் கடையில் எல்லோரும் காணும்படி மாட்ட வேண்டும். கடிதத் தலைப்பில் உரிமையாளர்களின் உண்மைப் பெயர் தெரிய வேண்டும்.

இப்போது இது மாகாணத்தின் கீழுள்ள வேலை. விண்ணப்பப் படிவம், அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, கட்டிடத்தின் உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றோடு பிரதேச செயலகத்துக்குப் போனால் மிச்சத்தை அவர்கள் சொல்வார்கள். பேக்கரி, சாப்பாட்டுக் கடை போன்றவற்றுக்கு உள்ளூராட்சி சபையின் அனுமதிப்பத்திரம் வேறு.

பதியாவிட்டால் என்ன என்று கேட்போருக்கு ஒரு வார்த்தை. தண்டம் இருக்கட்டும், கடனுக்குச் சாமான் கொண்டு போனவர் பணம் தராவிட்டால், பதியாத பெயரில் செய்த வியாபாரத்துக்காக நீங்கள் வழக்காட முடியாமற் போகலாம். நீதிமன்றம் விலக்களித்தால்தான் உண்டு. உங்களிடம் வரவேண்டியவரோ தாராளமாக உங்கள்மேல் வழக்குப் போடலாம்!

பதிந்துவிட்டால் பெயர் நமக்கே சொந்தம் என்று நினைப்பதும் பிழை. பெயரையோ சின்னத்தையோ பிறர் எடுக்காமற் காக்க 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி வர்த்தகக் குறியாகப் பதிய வேண்டும். அதுபோல, பெயர்ப் பதிவு கடையை உங்களிடமிருந்து பிரித்து வைக்காது. கடையின் கடன் வீட்டு வாசல் வரை வரும். அது வராமலிருக்க 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் கம்பனியாகப் பதிவதே வழி. இப்போது ஒரே பங்குதாரருடனும் கம்பனி அமைக்கலாம்.

மாணவரின் விடயத்துக்கு வருவோம். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்றொன்று உண்டு. முதல் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட கூட்டு வியாபாரம் எழுத்தில் இருந்து, கையொப்பமிடப்பட்டிருந்தால்தான் செல்லும் என்கிறது. ஆயிரம் ரூபா அன்று பெரிய தொகை. இன்று ஒரு நேரச் சந்தைச் செலவுக்கும் காணாது. ஆகவே இரண்டு பேர் சேர்ந்து செய்யும் எந்தக் கடைக்கும் எழுத்து வேண்டும். குர்ஆனின் மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை மத்ரஸாப் பிள்ளைகளுக்கு வருடாவருடம் சொல்கிறேன். அவர்களே பெரியவர்களாகி எழுதாமல் கடை போடுகிறார்கள். அந்த ஒப்பந்தத்தில், பங்காளி மௌத்தானால் என்ன செய்வது என்ற ஒரு வரியும் இருக்கட்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் ஒருவரின் மரணத்தோடு கூட்டு கலைந்துவிடும்.

வீட்டிலிருந்து கேக், உடுப்புத் தையல் என்று தொழில் செய்யும் சகோதரிகளுக்கும் ஒன்று. உழைப்பு உங்களுடையதாக இருக்க, பழக்கத்துக்காகக் கணவரின் பெயரிலோ நானாவின் பெயரிலோ பதியாதீர்கள். மனைவியின் பொருள் மனைவிக்கே என்று மார்க்கம் சொல்லியிருக்க, பத்திரம் வேறொன்று சொல்வானேன்? வங்கியில் அந்தப் பெயரில் கணக்குத் திறக்கவும் சான்றிதழ் உதவும்.

மாணவரைச் சட்டத்தரணி ஒருவரிடம் போகச் சொன்னேன். மச்சானின் தம்பிமாரோடும் பேசினேன். மூத்தவர், "அவர் பணம் அனுப்பியது எனக்குத் தெரியும்" என்றார். இளையவர், "தெரிந்தது போதாது, காட்டச் சொல்லுங்கள்" என்றார். அவரையும் குறை சொல்வதற்கில்லை, அவருக்கும் பிள்ளைகள் உண்டு. வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் எல்லோரும் என் வீட்டுக்கு வருகிறார்கள். ராத்தா அலுமாரியைக் கிளறி, தம்பி கட்டாரில் இருந்து பணம் அனுப்பிய சீட்டுக்களில் இதுவரை ஒன்பதைக் கண்டெடுத்திருக்கிறார்.