ஆசிரியையும் ஒப்பனையும்

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் சிங்கப்பூர்த் தமிழாசிரியைகளுக்கு ஓய்வு என்பது கிடையாது. தமிழ்மொழி விழாவையொட்டி ஒவ்வொரு வார இறுதியிலும் ஏதேனும் ஒரு போட்டி, ஏதேனும் ஓர் அரங்கு. மாணவரை அழைத்துச் செல்பவரும் நாமே, நடுவர் மேசையில் அமர்பவரும் நாமே, நெறியாளர் வராமற்போனால் ஒலிவாங்கியைப் பிடிப்பவரும் நாமே. இவை போதாவென்று 2002 முதல் வழங்கப்பட்டு வரும் நல்லாசிரியர் விருது விழா வேறு இருக்கிறது. யாரேனும் ஒரு தோழி விருது பெறுவார். அவருக்காக நாம் நால்வர் பட்டுப் புடவையில் புறப்படுவோம். புடவைக்கு வழி தெரிகிறது, நகைக்கு வழி தெரிகிறது. முகத்திற்கு என்ன செய்வது என்பதில்தான் நம்மில் பலர் தடுமாறுகிறோம். இப்பதிவு அதைப் பற்றியது.

"ஆசிரியைக்கு ஒப்பனை எதற்கு?" என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் (பெரும்பாலும் ஆண்கள்) சற்றுப் பொறுத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன். ஒப்பனை நமக்கு அந்நியமான பொருளன்று. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி நீராடும் நீருக்குப் பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் கூட்டியதாக இளங்கோவடிகள் கணக்குச் சொல்கிறார். சங்கப் பெண்டிர் தோளிலும் மார்பிலும் தொய்யில் எழுதிக்கொண்டனர். மஞ்சளும் சந்தனமும் கண்மையும் நம் பாட்டிமார் நாள்தோறும் புழங்கியவை. என் இளமையில் அடுக்குமாடி வீட்டின் நடைவழியில், பக்கத்து வீட்டு மலாய் மூதாட்டியார் பெடாக் செஜுக்கை நீரில் குழைத்துத் தம் முகத்திலும் பூசி, என் முகத்திலும் பூசிவிடுவார். அரிசியைப் பல நாள் ஊறவைத்து அரைத்துச் சிறு சொட்டுகளாக உலர்த்திய குளிர்மாவு அது. இன்றைய கடைகளில் என்ன விலை கொடுத்தாலும் அந்தக் குளிர்ச்சி கிடைக்குமா என்பது ஐயமே. சரி, செய்திக்கு வருகிறேன்.

தேசியக் கல்விக் கழகத்தில் பயின்ற நாளில் எங்களுக்குக் குரலை எவ்வாறு காப்பது, வெண்பலகையில் எவ்வாறு எழுதுவது, வகுப்பின் எந்த மூலையில் நின்றால் எல்லா மாணவரும் தெரிவர் என்பனவெல்லாம் சொல்லித் தரப்பட்டன. முகத்தைப் பற்றி எவரும் பேசியதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அது பாடத்திட்டத்தில் இருக்க வேண்டியதுமன்று. ஆயினும் நாள் முழுதும் முப்பது சிறார் உற்று நோக்கும் முகம் அது. இளம் ஆசிரியைகள் யூடியூபைப் பார்த்துக் கற்கின்றனர். அங்கே கற்பிப்பவரின் தோல் வேறு, அவர் வாழும் தட்பவெப்பம் வேறு. நம் ஊரில் பகல் வெப்பம் 31 பாகையைத் தாண்டும். காற்றிலுள்ள ஈரம் அதைவிடப் பெருந்தொல்லை. பனிநாட்டுப் பெண் ஏழு அடுக்காகப் பூசும் ஒப்பனையை இங்கே பூசிக்கொண்டு எம்ஆர்டி நிலையத்திலிருந்து அரங்கம்வரை நடந்தால் என்னவாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

எனினும் இவற்றைவிடப் பெரிய சிக்கல் நிறம். இதை வெளிப்படையாகப் பேசவே இப்பதிவைத் தொடங்கினேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னுடன் பணியாற்றிய இளம் ஆசிரியை ஒருவர் பள்ளி விழாவில் நெறியாளராகப் பேசவிருந்தார். நல்ல மாநிறம், களையான முகம். அழகு நிலையம் ஒன்றிற்குச் சென்று ஒப்பனை செய்துகொண்டு வந்தார். அவர்கள் அவருடைய நிறத்தினும் இரண்டு மூன்று படி வெளிறிய பூச்சைப் பூசி அனுப்பியிருந்தனர். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். மண்டபத்தின் குழல்விளக்கொளியில் முகத்தில் சாம்பல் பூத்ததுபோல் இருந்தது. தொடக்கநிலை மூன்றில் பயிலும் சிறுவன் ஒருவன் அவரருகே வந்து, "டீச்சர், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று மெய்யான கவலையோடு கேட்டான். அவர் சிரித்துச் சமாளித்துவிட்டார். பின்னர்க் கழிவறையில் முகத்தைக் கழுவிக்கொண்டே, "அக்கா, காசு கொடுத்தது எனக்கு, அவர்கள் அழகுபடுத்தியது வேறு யாரையோ" என்றார்.

அச்சிறுவன் அறியாமலே சங்க இலக்கியம் பேசினான் என்பேன். தலைவியின் மேனியழகைப் பழம்புலவர் மாமை என்றனர். மாந்தளிர் போன்ற நிறம் அது. தலைவன் பிரிந்தபோது அந்த மாமை கெட்டு, பசலை படர்ந்து மேனி வெளிறியது. வெளிறுதல் அங்கே நோயின் அடையாளம். நாமோ காசு கொடுத்துப் பசலையை வாங்கிப் பூசிக்கொள்கிறோம்!

இந்த ஆசை நம் தலையில் தானாக முளைத்ததன்று. இந்தியாவில் 1975இல் விற்பனைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி களிம்பு, 'வெளுப்பே அழகு' என்பதைப் பெயரிலேயே பொறித்துக்கொண்டு 45 ஆண்டுகள் விற்றது. 2020இல்தான் அந்நிறுவனம் 'ஃபேர்' என்ற சொல்லை நீக்கி 'குளோ' என்று மாற்றியது. சென்னையிலிருந்து 2009இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கம் எழுந்தது இத்தகைய விளம்பரங்களை எதிர்த்தே. வண்ணக்கோல்கள் செய்யும் கிரயோலா நிறுவனம், 'சதை நிறம்' என்று தான் பெயரிட்டிருந்த இளஞ்சிவப்புக் கோலின் பெயரை 1962இலேயே 'பீச்' என மாற்றிவிட்டது. ஆனால் என் வகுப்பில் இன்றும் பிள்ளைகள் அந்தக் கோலைத்தான் "ஸ்கின் கலர் கொடு" என்று கேட்டு வாங்குகின்றனர். கேட்கும் கையின் நிறம் வேறு, வாங்கும் கோலின் நிறம் வேறு. இப்பிள்ளைகள் முன்னால் ஆசிரியை ஒருத்தி வெளிறிய முகத்தோடு சிறப்பு நாளில் வந்து நின்றால், சிறப்பு நாளுக்கு உரிய நிறம் எது என்பதைச் சொல்லாமலே சொல்லிக் கொடுத்துவிடுகிறாள். என் அச்சமெல்லாம் இதுதான்.

முன்பு நமக்குப் பொருந்தும் நிறம் கடைகளில் கிடைப்பது அரிது என்பது உண்மை. 2017இல் பாடகி ரியானா தம் ஃபென்டி நிறுவனத்தைத் தொடங்கியபோது ஃபவுண்டேஷன் என்னும் அடிப்பூச்சை ஒரே நேரத்தில் 40 நிறங்களில் கொண்டுவந்தார். அதன்பின் மற்ற நிறுவனங்களும் விழித்துக்கொண்டன. இன்று ஆர்ச்சர்ட் சாலையிலும் கிடைக்கிறது, முஸ்தபாவிலும் தேடினால் கிடைக்கிறது. இனி விற்பவர் நீட்டுவதை வாங்கி வர வேண்டியதில்லை.

வாங்கும்போது புறங்கையில் தடவிப் பார்க்காதீர்கள். கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. தாடையோரத்தில் கழுத்தை ஒட்டிச் சிறிது தடவி, கடையின் விளக்கொளியை நம்பாமல் வெளியே பகல் வெளிச்சத்திற்கு வந்து கண்ணாடியில் பாருங்கள். தேக்காவில் ஒரு தேநீர் குடிக்கும் நேரம் காத்திருங்கள். சில பூச்சுகள் காற்றுப் பட்டபின் நிறம் மாறும். பூசிய இடம் எது என்று உங்களுக்கே தெரியவில்லை என்றால் அதுவே உங்கள் நிறம். பூசுவதும் முகம் முழுவதும் வேண்டா. மூக்கின் ஓரம், வாயைச் சுற்றி, கண்ணின் கீழ்க் கருமை. இங்கெல்லாம் விரல்நுனியால் மெல்ல ஒற்றினால் போதும். பவுடர் நெற்றிக்கும் மூக்கிற்கும் மட்டும். உதட்டுச் சாயம் உங்கள் உதட்டின் நிறத்தைவிட ஒரு படி கூடுதலாக இருக்கட்டும். பின்வரிசையில் அமர்ந்திருப்போருக்கு உதட்டசைவு தெரிய அது உதவும். புருவத்தைச் சீராக்கி, இமையோரம் மை தீட்டி, பொட்டை வைத்தால் வேலை முடிந்தது. கால் மணி நேரம் ஆகும்.

இன்னொன்று. சன்ஸ்கிரீனிலும் சில பூச்சுகளிலும் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடும் துத்தநாக ஆக்சைடும் ஒளியைத் திருப்பி அனுப்பும் தன்மையுடையன. கண்ணாடியில் நன்றாகத் தெரியும் முகம் புகைப்படத்தில் பேய்போல் வெளுத்துவிடுவது இதனால்தான். ஆகவே விழாவிற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் பூசிப் பார்த்து, ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துவிடுங்கள். புதிய பொருள் தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

கண்மை வாங்குவதில் கவனம் தேவை. மரபுவழிக் கண்மை, சுர்மா சிலவற்றில் ஈயம் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. வெளுப்புக் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். நம் சுகாதார அறிவியல் ஆணையம் இவற்றைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. உறையில் உட்பொருள்களும் தயாரிப்பாளர் பெயரும் இல்லாத எதையும், "ஊரிலிருந்து அத்தை கொடுத்தனுப்பினார்" என்ற காரணத்திற்காகக் கண்ணில் இட்டுக்கொள்ள வேண்டா.

ஒப்பனையே வேண்டா என்பவர் இருக்கிறார்கள். என் மூத்த ஆசிரியை ஒருவர் திருநீற்றுக் கீற்றும் சிறு குங்குமப் பொட்டும் தவிர வேறெதையும் முகத்தில் அறியாதவர். அவர் மேடையேறினால் அரங்கமே அமைதியாகும். ஒப்பனை செய்யாத ஆசிரியையைப் பார்த்து "களைப்பாக இருக்கிறீர்களே" என்று சொல்லும் பழக்கத்தை நம் ஆசிரியர் அறைகளில் விட்டுவிட வேண்டும். செய்துகொண்டு வருபவரைப் பார்த்து "என்ன, சினிமாவுக்கா?" என்பதையும்தான். ஆண் ஆசிரியர் ஒருவர் மீசையைத் திருத்திக்கொண்டு வந்தால் நாம் ஏதேனும் சொல்கிறோமா?

இவ்வாண்டு எங்கள் பள்ளிக்கு வந்துள்ள புதிய ஆசிரியைகள் இருவரிடமும் பேசிவிட்டேன். அடுத்த பள்ளி விடுமுறையில் ஒரு காலைப்பொழுது, சிராங்கூன் சாலைக்கு மூவரும் செல்கிறோம். கைப்பையில் ஒரு சிறு கண்ணாடி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். வெயில் நன்றாக ஏறியபின் புறப்படலாம் என்பது திட்டம்.