ரோசி தொலைந்து போகவில்லை, விரட்டப்பட்டார்

பிப்ரவரி 10 வந்தால் நம் எல்லோருடைய பக்கத்திலும் ஒரே பதிவுதான். "மலையாள சினிமாவின் முதல் நாயகி பி.கே. ரோசி பிறந்த நாள்." 2023-இல் கூகுளே தன் முகப்பில் அவரை வரைந்தது. நாமும் மகிழ்ந்தோம், பகிர்ந்தோம். ஆனால் அந்தப் பதிவுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல்லோடு நமக்குச் சண்டை இருக்கிறது. "காணாமல் போன நாயகி" என்கிறார்கள். திருவிழாக் கூட்டத்தில் கை நழுவிப் போன குழந்தையா அவர்?

நடந்ததைப் பார்ப்போம். ரோசி திருவனந்தபுரத்தில் புலையர் குடும்பத்தில் பிறந்தவர். புல்லறுத்துப் பிழைத்தவர், காக்காரிசி நாடகத்தில் ஆடியவர். ஜே.சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தில் சரோஜினி என்ற நாயர் பெண்ணாக நடித்தார். படம் வெளியான ஆண்டை 1928 என்றும் 1930 என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். கேப்பிட்டல் தியேட்டரில் படம் ஓடியபோது ஆதிக்கச் சாதியினர் திரையை நோக்கிக் கல்லெறிந்தார்கள். தன் படத்தின் முதல் காட்சியில் உட்காரவே அவருக்கு இடமில்லை. பிறகு அவருடைய குடிசையும் எரிந்தது.

இவ்வளவு கோபம் எதற்கு? புலையப் பெண் நடித்ததற்காக மட்டும் என்று நாம் நினைக்கவில்லை. அவர் உடுத்திய உடைக்காகவும்தான். அதே திருவிதாங்கூரில் தலித் பெண்கள் கழுத்தில் கல்மாலைதான் அணிய வேண்டும் என்பது சாதிக் கட்டளை. 1915-இல் பெரிநாட்டில், அய்யன்காளியின் அழைப்பை ஏற்று அதை அறுத்து எறிந்தார்கள். அதற்குப் பதினைந்து ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. அதற்குள் ஒரு புலையப் பெண் நாயர் வீட்டு உடையும் நகையுமாகப் பெரிய திரையில் நிற்கிறார், கதாநாயகன் அவரைக் காதலிக்கிறான். நடிப்புதானே என்று விட்டுவிட அவர்களால் முடியவில்லை.

ரோசி லாரியில் ஏறித் தப்பினார். அந்த லாரி ஓட்டுநரையே மணந்து, நாகர்கோவிலில் ராஜம்மாளாக வாழ்ந்தார். "தமிழ்நாட்டுக்கு ஓடி வந்து பிழைத்தார்" என்று நம்மில் சிலர் பெருமையாக எழுதுகிறோம். தோழர்களே, அன்று நாகர்கோவிலும் திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956-இல்தான் குமரி மாவட்டம் நம்மோடு சேர்ந்தது. அவர் அதே மன்னரின் ஆட்சியில்தான் ஒளிந்திருக்க வேண்டியிருந்தது. அவர் தாண்டியது மாநில எல்லையை அல்ல, தன் பெயரை. பெயரும் சாதியும் தெரியாத இடத்தில்தான் உயிர் தங்கியது. அப்புறம் அவர் நடிக்கவே இல்லை.

டேனியலையும் சினிமா கைவிட்டது, வறுமையில்தான் இறந்தார். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1992 முதல் கேரள அரசின் உயரிய திரை விருது அவர் பெயரில் இருக்கிறது. 2013-இல் வந்த 'செல்லுலாயிட்' படத்திலும் கதை அவருடையது, ரோசி அதில் ஒரு பகுதி. ரோசி பெயரில் திரைச் சங்கம் தொடங்க 2019-இல் சினிமாப் பெண்களின் கூட்டமைப்புதான் வர வேண்டியிருந்தது. சென்னையில் அவர் பெயரில் திரைவிழா நடத்துவது நீலம். இரண்டு இடத்திலும் அரசைக் காணோம்.

அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. அவர் நடிப்பு எப்படி இருந்தது என்று சொல்ல நம்மிடம் ஒரு காட்சியும் கிடையாது. கல்லெறிந்தவர்கள் யார் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அடுத்த பிப்ரவரி 10-க்குப் பதிவு எழுதுகிறவர்கள் "காணாமல் போன" என்பதை அடித்துவிட்டு "விரட்டப்பட்ட" என்று எழுதுங்கள். யார் விரட்டினார்கள் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்.