ஏ.சி. பெட்டிக்குக் காவல்

மேற்கு மாம்பலத்தின் குறுகிய சந்துகளில் நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு ஏ.சி.யின் அவுட்டோர் யூனிட் வெளியே நிற்கிறது. உள்ளே பீரோவுக்குப் பூட்டு உண்டு. வெளியே இருக்கும் இந்தப் பெட்டிக்கு?

திருடனுக்கு வேண்டியது குளிர்ச்சி அல்ல, செம்பு. பெட்டிக்குள் செப்புச் சுருள். அதற்கும் அறைக்கும் நடுவே செப்புக் குழாய். குழாயை மட்டும் அறுத்தாலும் உள்ளிருக்கும் வாயு வெளியேறிவிடும். அவனுக்குக் கிடைப்பதோ சில்லறைக் காசு. வீட்டுக்காரருக்குப் பெரும் செலவு. சித்திரை வெயிலில் முதியவர்கள் படும் பாட்டுக்குக் கணக்கே இல்லை.

பெட்டியைக் கைக்கு எட்டாத உயரத்தில், உறுதியான இரும்புத் தாங்கியில் பொருத்துங்கள். தரையில்தான் இடம் என்றால் கம்பிக் கூண்டு போட்டுப் பூட்டுங்கள். தகரத்தால் அடைத்துவிடாதீர்கள். சூடான காற்று வெளியே போகாவிட்டால் எந்திரம் கெடும். பெட்டியில் உள்ள எண்ணைக் குறித்து, பில்லுடன் பத்திரப்படுத்துங்கள். போலீசில் புகார் கொடுக்க அதுவே அடையாளம்.

வாங்க ஆள் இருப்பதால்தான் திருட்டு நடக்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை உண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவு அப்படிச் சொல்கிறது.

காயலான் கடைக்காரர்களே! அறுத்த செப்புக் குழாய் வந்தால், "இது யார் வீட்டுப் பொருள்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்!