தாய் வீட்டை விற்குமுன்



மே மாதம் பிறந்துவிட்டால் நம் கடலோரப் பங்குகளில் வீடுகள் நிறைந்துவிடும். நாகர்கோவிலிலும் சென்னையிலும் மும்பையிலும் குடியேறிய பிள்ளைகள் பேரப்பிள்ளைகளோடு வருவர். வளைகுடா நாடுகளில் உழைப்போர் விடுப்பெடுத்து வருவர். மாலையில் மாதாவின் வணக்க மாதச் செபமாலை வீடுதோறும் ஒலிக்கும். இரவில் முற்றத்தில் பாய் விரித்துப் பத்துப் பேர் வரிசையாக உறங்குவர். இத்தகைய ஓர் இரவில், சாப்பாடு முடிந்து பெரியவர்கள் திண்ணையில் அமர்ந்திருக்கையில், யாரேனும் ஒருவர் மெல்லத் தொடங்குவார்: “இந்த வீட்டை விற்றுவிட்டால் என்ன?”

அப்பேச்சில் தவறொன்றுமில்லை. ஆண்டுதோறும் கடல் அரித்து நெருங்கி வருகிறது. உப்புக் காற்றில் கம்பி துருவேறிக் கூரைக் காரை உதிர்கிறது. படகுக் கடன் கழுத்தை நெரிக்கிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கின்றனர். வீட்டை விற்பது பாவமுமன்று, குலத்துக்கு இழிவுமன்று. ஆயினும் எப்போது விற்கிறோம், யாரைக் கேட்டு விற்கிறோம் என்பதில்தான் ஒரு குடும்பம் ஒன்றாய் நிற்பதும் இரண்டாய்ப் பிளப்பதும் அடங்கியிருக்கிறது.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தை இங்கே குறிப்பிடுகிறோம். ஊரும் பேரும் வேண்டாம். தந்தை இறந்து ஆறாண்டுகள் ஆகியிருந்தன. தாயும், இரு ஆண்மக்களும், மணமுடித்துப் போன இரு பெண்மக்களும் இருந்தனர். தொழிலில்லாத ஓர் ஆனி மாதத்தில், கடன்காரரின் நெருக்குதல் தாளாமல், மூத்தவர் தரகர் ஒருவரின் சொல்லை நம்பி வீட்டுக்கு அச்சாரம் வாங்கிவிட்டார். தம்பிக்குத் தெரியும், தாய்க்கு அரைகுறையாகத் தெரியும், தங்கைமார் இருவருக்கும் தெரியாது. அடுத்த வீட்டுக்காரர் தொலைபேசியில் சொல்லித்தான் இளையவள் அறிந்தாள். அதன்பின் நடந்ததை விரித்துரைக்கத் தேவையில்லை. வாங்க வந்தவர் அச்சாரத்தைத் திருப்பிக் கேட்டார். வழக்கறிஞர் கடிதங்கள் பறந்தன. ஈராண்டுக்குப்பின் தாய் இறந்தபோது, அடக்கத் திருப்பலியில் அண்ணன் ஒரு புறமும் தங்கைமார் மறுபுறமுமாக நின்றனர். “எங்களைக் கேட்டிருந்தால் நாங்களே கையெழுத்துப் போட்டிருப்போம்” என்று மூத்த தங்கை கல்லறைத் தோட்டத்தில் அழுததை இன்றும் நாம் மறக்கவில்லை.

முதலில் தாயைக் கேளுங்கள்

விலை பேசுமுன், தரகரை அழைக்குமுன், கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. விற்றபின் அம்மா எங்கே உறங்குவார்? “யார் வீட்டிலாவது இருந்துகொள்வார்” என்பது விடையாகாது. எந்த வீடு, எந்த அறை, அவர் பெயரில் எவ்வளவு பணம் என்பவை தெளிவாக வேண்டும். நாற்பதாண்டுகளாகக் கோயில் மணியோசையைக் கேட்டு எழுந்தவரை, மாடிக் குடியிருப்பின் ஓர் அறையில் திடீரென அடைத்துவிட்டால் அவர் உள்ளம் என்ன பாடுபடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இது அன்பினால் மட்டும் செய்யும் கடமையன்று. சட்டமும் இதையே சொல்கிறது. மரண சாசனம் எழுதாமல் தந்தை இறந்திருந்தால், கிறிஸ்தவர்களாகிய நமக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரு பங்கும் மக்களுக்கு, ஆண் பெண் என்ற வேறுபாடின்றிச் சரிசமமாக. எடுத்துக்காட்டாக, தந்தை பெயரிலிருந்த வீடு 18 இலட்ச ரூபாய்க்கு விலைபோனால், தாய்க்கு 6 இலட்சம். மக்கள் நால்வராயின் ஒவ்வொருவருக்கும் 3 இலட்சம்.

குமரி மாவட்டத்துப் பெரியவர் சிலர் இன்றும் “பெண்பிள்ளைக்குப் பங்கு கிடையாது” என்பர். அவர்கள் நினைவில் நிற்பது 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம். அதில் மகளுக்குக் கிடைத்தது மகன் பங்கில் காற்பங்கு, அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது மட்டுமே. கைம்பெண்ணுக்கோ அவர் ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மட்டுமே இருந்தது. 1986 பிப்ரவரி 24 அன்று, கேரளத்து மேரி ராய் தொடுத்த வழக்கில், அப்பழைய சட்டம் இனிச் செல்லாதென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 

“சீதனம் கொடுத்தாயிற்றே” என்ற வாதமும் எடுபடாது. தந்தை உயிரோடிருக்கையில் மகளுக்குக் கொடுத்ததை அவள் பங்கிலிருந்து கழிக்கச் சட்டம் இடந்தரவில்லை. சகோதரி தானாக மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது வேறு. அதற்குப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். ஆனால் தன் பங்கு இன்னதென்று அறிந்தபின் விட்டுக்கொடுப்பதே விட்டுக்கொடுத்தல். அறியாதவளிடம் கையெழுத்து வாங்குவது ஏழாம் கட்டளைக்கு எதிரான செயலென்று துணிந்து சொல்வோம்.

இறந்துபோன சகோதரனின் பிள்ளைகளையும் மறந்துவிடாதீர்கள். தந்தையின் பங்கு அவர்களைச் சேரும். அவர்கள் 18 வயது நிரம்பாதவர்களாயின், அவர்கள் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி பெறவேண்டும்.

ஆனி மாத அவசரம்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், 61 நாள்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடையுண்டு. தடைக்கால உதவித்தொகை வந்தாலும் அது முழு வருமானத்துக்கு ஈடாகாது. அதே வேளையில் பள்ளி திறக்கிறது. கட்டணமும் புத்தகமும் சீருடையும் வாங்கவேண்டும். அதே வேளையில் தென்மேற்குப் பருவக் காற்றும் எழுந்து, மேற்குக் கரை ஊர்களில் அலை வீட்டுப் படிவரை ஏறுகிறது. விற்பவருக்குத் தேவை மிகுந்த காலம் அதுவே. வாங்குபவருக்கு அச்சம் மிகுந்த காலமும் அதுவே. அந்நாளில் விலை சரியாமல் என்ன செய்யும்?

ஆகவே நாம் சொல்வது இதுதான்: மே மாதத்தில் கூடியிருக்கும்போது முடிவு செய்யுங்கள், ஆனி ஆடியில் அவசரப்பட்டு அச்சாரம் வாங்காதீர்கள். கடன் பொறுக்காதெனில், சில ஆண்டுகளுக்கு ஒற்றிக்கோ வாடகைக்கோ விடமுடியுமா என்று பாருங்கள். எப்படியாயினும் எழுத்தில் செய்யுங்கள்.

காகிதங்கள்

விற்பதென்று முடிவானால் பின்வருவனவற்றைச் சேர்த்து வையுங்கள். தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டுவரி ரசீது, தந்தையின் இறப்புச் சான்று, வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்று ஆகியவை முதன்மையானவை. கடற்கரையில் பல வீடுகள் புறம்போக்கிலோ கோயில் நிலத்திலோ நிற்பதுண்டு; அங்கே மனை நமதன்று. பங்குத் தந்தையையும் ஊர்க் கமிட்டியையும் கேளாமல் ஒப்பந்தம் எழுதவேண்டாம். 2004 டிசம்பர் 26-இல் நேர்ந்த ஆழிப்பேரலைக்குப்பின் கிடைத்த வீடாயின், ஒப்படைப்பு ஆணையை வரிவரியாகப் படித்துப் பாருங்கள். அது யார் பெயரில் உள்ளது, விற்பனைக்கு நிபந்தனை உண்டா என்பது அதிலேயே இருக்கும்.

உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் அடங்கும். 1991-இல் வந்த இவ்விதிகள் 2011-லும் 2019-லும் மாற்றியமைக்கப்பட்டன. இடித்துக் கட்ட நினைத்து வாங்குபவருக்கு இதை மறைக்காதீர்கள். கிணறு கோடையில் உப்புக் கரிக்குமா, அலை எதுவரை ஏறிற்று, எந்தச் சுவரில் கம்பி துருவேறியது என்பவற்றையும் உள்ளபடி சொல்லுங்கள். வெள்ளையடித்து, சன்னலுக்கு வர்ணம் பூசி, ஓடு மாற்றி வீட்டை அழகாகக் காட்டுவது நல்லதே. விரிசலைச் சுண்ணாம்பால் மறைத்து விற்பது பொய்யே.

வெளிநாட்டிலுள்ள சகோதரர் வரமுடியாதெனில், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதிச் சான்று பெற்று அனுப்பலாம். அது இந்தியா வந்துசேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தவேண்டும். வெறும் பொது அதிகாரப் பத்திரத்தைக் கொண்டே வீடு கைமாறிவிட்டதாக எண்ணுவது தவறென்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. பதிவு செய்த கிரயப் பத்திரமே உரிமையை மாற்றும்.

“பத்திரத்தில் குறைத்துப் போடுவோம், மீதியை ரொக்கமாகத் தருகிறேன்” என்பவரிடம் எச்சரிக்கையாயிருங்கள். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை 2015 முதல் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் பெற்ற தொகையளவுக்கே தண்டம் விதிக்கலாம். மேலும், பத்திரத்தில் இல்லாத பணத்துக்குச் சாட்சியும் இல்லை. அந்தப் பணத்தில்தான் சகோதரர் சண்டை பெரும்பாலும் பிறக்கிறது. பங்குத்தொகை ஒவ்வொருவர் வங்கிக் கணக்குக்கும் நேரே போகட்டும். விற்பனையில் கிடைத்த ஆதாயத்தைக் கொண்டு 2 ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினாலோ 3 ஆண்டுக்குள் கட்டினாலோ வரிச்சலுகை உண்டு. அதன் நிபந்தனைகளைக் கணக்காளரிடம் முன்னரே கேட்டறிவது நலம்.

பேச்சுக்கு ஏற்ற வேளை

நண்பகல் வெயிலில், பசியோடு, தொலைக்காட்சி இரையும் வீட்டில் இத்தகைய காரியத்தைப் பேசாதீர்கள். மாலைச் செபமாலை முடிந்தபின் அமருங்கள். தாய் முதலில் பேசட்டும். பெண்மக்கள் அடுப்படியில் நிற்காமல் அவையில் அமரட்டும். மருமக்கள் கேட்கட்டும், ஆனால் முடிவு சொல்லவேண்டாம். ஒருவர் எழுதட்டும், எல்லாரும் கையொப்பமிடட்டும். ஒரே இரவில் முடியாவிட்டால் மறுநாளும் அமருங்கள்.

பெரியவர்கள் பேச்சில் மூழ்கியிருக்கும் வேளையில்தான் பிள்ளைகள் கடலுக்கு நழுவுவர். ஏப்ரல், மே மாதங்களில் காற்றுமில்லை, மேகமுமில்லை என்றிருக்கையிலேயே கரையைத் தாக்கும் கள்ளக்கடலை நம் முதியோர் அறிவர். தொலைவில், தென் இந்தியப் பெருங்கடலில் எழும் புயல்களே அதற்குக் காரணம். 2024 மே 6 அன்று கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி இறந்தனர். ஐதராபாத்திலுள்ள தேசியக் கடல் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. எச்சரிக்கை வந்த நாளில் கால் நனைக்கக்கூட விடவேண்டாம். மற்ற நாள்களிலும், கடலறிந்த பெரியவர் ஒருவர் கரையில் நின்றால்தான் குளியல் என்பது வீட்டின் சட்டமாயிருக்கட்டும்.

கத்திரி வெயிலில் பகல் 12 மணி முதல் 3 மணிவரை பிள்ளைகளும் முதியோரும் நிழலில் இருக்கட்டும். நுங்கும் மோரும் பழைய சோற்றுத் தண்ணீரும் நன்று. வயிற்றுப்போக்கு கண்டால், கொதித்தாறிய 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தட்டையாக அளந்து கரைத்து, அடிக்கடி சிறுகச் சிறுகக் கொடுங்கள். உடல் அனலாகி, பேச்சுத் தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. நீரால் உடலைக் குளிர்வித்தபடி 108-ஐ அழையுங்கள். இன்னொன்று: விருந்தினர் பத்துப் பேருக்கும் வீட்டுத் தாயே மூன்று வேளையும் அடுப்பில் வேகுதல் கூடாது. முறைவைத்துச் சமையுங்கள், ஆண்மக்களும் தண்ணீர் சுமக்கலாம், பாத்திரம் கழுவலாம்.

விடைபெறும் நாள்

வீடு விரைவில் விலைபோக சூசையப்பர் சுரூபத்தைத் தலைகீழாக மண்ணில் புதைக்கும் வழக்கம் அமெரிக்காவில் சிலரிடம் உண்டு. அதை இங்கேயும் கொண்டுவர வேண்டாம். எகிப்துக்குப் போகும்போதும் திரும்பும்போதும், இரவென்றும் பாராமல் தாயையும் பிள்ளையையும் காத்தவர் அவர். அவரைப் புதைப்பதைவிட அவரைப்போல் நடப்பதே மேல்.

சாவியைக் கொடுக்கும் நாளில் அனைவரும் ஒருமுறை கூடுங்கள். பங்குத் தந்தை வந்து மந்திரித்த வீடு அது. உங்கள் தந்தையின் உடல் கிடத்தப்பட்டிருந்த நடுக்கூடம் அது. ஒரு பத்துமணி செபமாலை சொல்லி நன்றி கூறுங்கள். திரு இருதய ஆண்டவர் படத்தை முதலில் இறக்கி, தாயின் கையில் கொடுங்கள். அவர் அதை எந்தச் சுவரில் மாட்டுகிறாரோ அதுவே இனி உங்கள் தாய் வீடு. அடுத்த மே மாதம் நீங்கள் எல்லாரும் பாய் விரிக்க அங்கே இடமிருக்குமானால், வீட்டை நல்ல விலைக்குத்தான் விற்றிருக்கிறீர்கள்.

நாசரேத்துத் திருக்குடும்பம் உங்கள் குடும்பங்களைக் காப்பதாக.